மெசின் லாச்சியில் இருந்த முள்

முள்ளம்பன்றியின் முள் ஒன்று வீட்டுக்குள் இருந்தால் அந்த வீட்டில் சண்டை ஓயாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தமிழர், சிங்களவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமையாக இருந்தார்கள். ஒரு குடும்பத்தைக் கெடுக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டுக் கூரையில் ஒரு முள்ளைச் செருகிவிட்டு வந்தால் போதுமாம், மிச்சத்தை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்களாம். என்னைக் கேட்டால், முள் இல்லாமலேயே அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இதை நம்பாத ஆட்கள் இரண்டு பேர்தான். ஒருவர் ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த என் பெரிய மாமா. மற்றவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. மாமா முள்ளைக் கொண்டுவந்து கொடுத்தார், சித்தி வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் அதைச் செய்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். கண்டி டவுனை விட்டு மாத்தளைப் பக்கம் ஏறுகிற வழியில், மஹியாவையில், இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாக ஒரு வீட்டில் இருந்தோம். அப்பா டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிறவர். தாய் தகப்பன் இல்லாத சித்தி, அம்மாவின் கல்யாணத்திலிருந்தே எங்களோடு இருந்தாள். கடை முதலாளி அக்குறணைக்காரர். அவர் வெட்டிய துணிகளைக் கட்டாகக் கட்டி அப்பாவிடம் கொடுத்தனுப்புவார், சித்தி வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்தான் அதிகம். பள்ளிக்கூடம் திறக்கிற காலத்தில் வீடு முழுக்க வெள்ளைத் துணி பரந்து கிடக்கும். எங்கே காலை வைத்தாலும் எனக்குத் திட்டு விழும்.

சித்தி சரியான வாய்க்காரி. மெசினை மிதித்துக்கொண்டே கதை சொல்வாள், கடைக்கு வருகிறவர்கள் மாதிரி நடித்துக் காட்டுவாள். முதலாளி மூக்கைத் தடவுவதை அவள் செய்து காட்டினால், முதலாளியிடம் அவ்வளவு பயம் உள்ள அப்பாவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளையின் கவுனுக்குச் சுருக்கு வைத்துக்கொண்டிருந்தாள். சுருக்கு வைத்த துணி சும்மா நேராக ஊசிக்குள் போகாது, ஒவ்வொரு சுருக்கையும் ஊசிக்கு முன்னால் விரலால் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும். விரல் எவ்வளவு கிட்டப் போகிறதோ அவ்வளவுக்குச் சுருக்கு ஒழுங்காக விழும். கதையில் சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் சித்தி தலையை நிமிர்த்தினாள். ஊசி அவள் ஆட்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு அடிப்பக்கம் வந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. "ஐயோ, துணி!" என்றாள். வெள்ளைத் துணியில் இரத்தம் படாமல் அதை இழுக்கப் பார்த்தாள். அப்பா ஓடிவந்து ஒரு முறை பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் மெசின் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஊசியைத் தூக்கி எடுத்தாள். முதலில் சித்தியின் விரலுக்குத் துணி சுற்றினாள். பிறகு அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

விரல் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. சித்தி மெசின் முன்னால் உட்காருவாள், துணியை வைப்பாள், ஊசியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கால் மிதிக்காது. நேர்த்தையல் எப்படியோ தைத்துவிடுவாள். சுருக்கு, கழுத்துப்பட்டி, கை சேர்க்கிற இடம் என்று வந்தால் விரல் தானாகப் பின்னுக்குப் போய்விடும். தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து, ஒரு நாள் துணியை வீசிவிட்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மாமா வந்தார். அவர் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டிருந்தார். முள்ளம்பன்றி வந்து நன்றாகத் தோண்டித் தின்றுவிட்டு, போகும்போது வாடகை கொடுப்பது மாதிரி ஒரு முள்ளைப் போட்டுவிட்டுப் போயிருந்ததாம். அதைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"விரலுக்குப் பதிலா இதை வச்சுத் தள்ளிப் பாரு புள்ள. குத்தினாலும் இதுக்கு வலிக்காது" என்று சித்தியிடம் நீட்டினார்.

அம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஐயய்யோ, இந்தச் சனியனையா வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்க! தூக்கி வெளிய போடுங்கண்ணே!"

"வீட்டுக்குள்ள வச்சாத்தானே சண்டை வரும்? அவ மெசின் லாச்சிக்குள்ள வச்சுக்கட்டும்" என்றார் மாமா, மெசினின் இழுப்பறையைக் காட்டி. சித்திக்கு வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாய், ஒரு பென்சில் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது அந்த முள். அதன் கூர் துணியைக் கிழிக்காமலிருக்க, சித்தி அம்மிக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினாள். பிறகு பாருங்கள்! முள்ளின் நுனியால் சுருக்கை அமர்த்திப் பிடித்து ஊசிக்கு ஊட்டிவிடுவாள். வழுவழுப்பாக இருப்பதால் நூலில் சிக்காது. ஊசி தப்பி அதிலே குத்தினாலும் ஊசி உடையாது, முள்ளுக்குள் நெட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். விரல்கள் மூன்று அங்குலம் தள்ளி நின்று வேலை வாங்கின. அடேயப்பா, அதற்குப் பிறகு அவள் தைத்த வேகத்துக்கு முதலாளியின் கத்தரியால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அயன் பண்ணும்போதும் அதேதான். எங்களிடம் சிரட்டைக் கரி போடுகிற அயன் பெட்டி இருந்தது, மூடியில் ஒரு பித்தளைச் சேவல் நிற்கும். தைத்த இடத்தை இரண்டு பக்கமும் பிரித்து அமர்த்தித் தேய்த்தால்தான் சட்டை படிந்து நிற்கும். அந்தப் பிரிக்கிற வேலையைத் தையல்காரர்கள் அயன் பெட்டியின் மூக்குக்கு முன்னால் விரலை ஓட்டித்தான் செய்வார்கள், விரல் நுனியெல்லாம் சுட்டுக் காய்த்துப் போயிருக்கும். சித்தி முள்ளை முன்னால் ஓட்டி, பெட்டியைப் பின்னால் விடுவாள். விரலில் ஒரு சூடு கிடையாது.

அந்த முள் எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுவதும் பெரிய சண்டை என்று ஒன்று வந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா அப்பாவைத் திட்டுவாள், அது சண்டையில் சேராது.

பிறகு சித்திக்குத் தெல்தெனியவிலிருந்து மாப்பிள்ளை வந்தது. கடைத்தெருவில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்த குடும்பம். பெண் தைப்பாள் என்று சொன்னதுமே அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. சித்தப்பா ஆகப் போகிறவர் வாட்டசாட்டமாக இருந்தார், தலையை அழகாக வாரியிருந்தார், அதிகம் பேசவில்லை. பேசாத மனிதர் தங்கமான மனிதர் என்று அப்பா முடிவு செய்தார். கல்யாணம் முடிந்து சித்தி போகும்போது மெசினும் அயன் பெட்டியும் லொறியில் ஏறிப் போயின. முள் மெசின் லாச்சிக்குள்தான் இருந்தது, அதை யாரும் நினைக்கவில்லை.

இப்போது அந்தப் பழைய தெல்தெனிய கிடையாது. அணை கட்டியபோது ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது, புது ஊரை மேட்டில் கட்டிக் கொடுத்தார்கள். பலர் அதற்காக இன்னும் வருத்தப்படுகிறார்கள், நியாயம்தான். எனக்கு ஒரு வீட்டைப் பற்றி மட்டும் துளி வருத்தமும் இல்லை. மூழ்கட்டும். இன்னும் ஆழமாக மூழ்கினாலும் சரிதான்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து, உடனே வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மாமாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

முன்னறையில் கதிரைகளைச் சுவரோரமாகப் போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா கதவருகே நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஸ்டூலில், வெற்றிலைத் தட்டின் மேல், சித்தியின் முள் இருந்தது. நூல் தேடி லாச்சியைத் திறந்த மாமியார் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

"என் மகன் பூனை மாதிரி இருந்தவன்" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள். "இவ காலடி வச்ச நாள்லருந்து வீட்டுல சட்டிபானை உடையாத நாள் இல்ல. குடிக்கிறான், அப்பன் மேல கைநீட்டுறான். ஏன்னு இப்பதானே வெளங்குது! சண்டையை முந்தானையில முடிஞ்சு கொண்டாந்திருக்கா!"

சித்தி சுவரோடு நின்றாள். மெலிந்திருந்தாள். "அது தைக்கிற சாமான் மாமி. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உக்காந்து காட்டுறேன், பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தி தட்டிலிருந்த முள்ளோடு மெசின் முன்னால் உட்கார்ந்து, பாதி தைத்துக் கிடந்த ஒரு சட்டைக் கையை எடுத்தாள். தோளில் சேர்க்கிற இடத்தில் நெருக்கமாகச் சுருக்கு வைக்க வேண்டிய கை அது. நானும் எத்தனையோ தடவை அவள் தைப்பதைப் பார்த்திருக்கிறேன், அன்று தைத்த மாதிரி ஒரு நாளும் பார்த்ததில்லை. முள் அவள் விரல்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு சுருக்காக எடுத்துக் கொடுத்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தைத்து முடித்து, நூலை அறுத்து, கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தாள். உறவுக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

"பாத்தீங்களா!" என்றாள் மாமியார். "சொன்னதெல்லாம் கேக்குற மாதிரி எப்படிப் பழக்கி வச்சிருக்கா, பாத்தீங்களா!"

கதிரைகளில் இருந்தவர்கள் "ச்சு, ச்சு" என்று தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்க வீட்லயும் இருந்துச்சு. சண்டையே வரல்ல!" என்று கத்திவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமியாருக்கு அதற்கும் பதில் இருந்தது. அங்கே வராத சண்டையெல்லாம் சேர்ந்து இங்கே வந்துவிட்டதாம். நல்லாயிருக்கே நியாயம்!

அப்பாதான் அதை முடித்துவைத்தார். துணி எங்கே கோணலாகப் போனாலும் இழுத்துச் சரிசெய்து பாதியில் கிழித்துக் கொடுக்கிற கை அவருடையது. "அப்ப இதை எரிச்சிடுவோம். பிரச்சினை தீந்திடும். எங்க புள்ளையும் தெரியாமக் கொண்டாந்துட்டா, மன்னிச்சுக்குங்க" என்றார். குசினியிலிருந்து சித்தியின் அயன் பெட்டி கரியோடு வந்தது. சேவலைத் திருப்பி மூடியைத் திறந்து முள்ளை உள்ளே போட்டார்கள். தலைமயிர் கருகுகிற நாற்றம் அறை முழுவதும் பரவியது. மாமியார் மூக்கை மூடிக்கொண்டு, இனி எல்லாம் சரியாகும் என்றாள். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். எங்களுக்குப் பிளேன்டீ கொடுத்தார்கள்.

புறப்படும்போது வாசலில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் வந்திடுறேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அதான் எரிச்சாச்சே. இன்னும் என்னா?" என்று அம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா நிம்மதியாகத் தூங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சித்தி முள்ளுக்காகத்தான் வருத்தப்படுகிறாள், இனி எப்படித் தைப்பாள், விரலில் மறுபடியும் ஊசி ஏறிவிடுமே என்றுதான் என் அழுகை முழுவதும்.

நான் பயந்தபடியே ஆகிவிட்டது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சித்தி வந்தபோது, மணிக்கட்டுக்கு மேலே ஒரு சூடு. அயன் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த மாதிரி முக்கோணமாக, தோல் உரிந்து சிவந்திருந்தது. "அயன் பண்ணுறப்ப பட்டுருச்சு" என்றாள் அவள். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். முள்ளை எரித்தால் கை சுடாமல் என்ன செய்யும்?

சித்திக்கு நானே ஒரு முள் செய்து கொடுப்பது என்று முடிவுசெய்தேன். வேலியிலிருந்து ஒரு மூங்கில் சிம்பை உடைத்து, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி, அம்மியில் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினேன். என் கையெல்லாம் சிராய். நுனி மழுங்கலாக, நடு கொஞ்சம் தடிப்பாக, பழைய முள் மாதிரியே செய்திருந்தேன். கறுப்பு வளையம்கூட மையால் போட்டேன். சித்தி அதை வாங்கிப் பார்த்தாள், கன்னத்தில் உரசிப் பார்த்தாள், என்னைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் மக கெட்டிக்காரி. இனி உனக்குக் கை சுடாதும்மா" என்று சித்தியிடம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டபோது, அம்மா என்னையும் என் குச்சியையும் காட்டி முழுக் கதையையும் சொன்னாள். அயன் பண்ணும்போது சுட்டதும், அதற்கு இந்த வாண்டு ஒரு குச்சி செய்ததும். அந்தப் பெண் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதை சொல்லப்பட்டது. நான் குச்சியை எடுத்து எடுத்துக் காட்டினேன்.

சித்தி போன பிறகு பெரிய மாமா வந்தார். காகிதத்தில் சுற்றி இன்னொரு முள் கொண்டுவந்திருந்தார், அதை மறைவாகச் சித்தியிடம் சேர்த்துவிடச் சொன்னார். அம்மா பறித்து அடுப்பில் போட்டாள். "உங்களாலதான் எல்லாம்! அவ வாழ்க்கையையே கெடுத்துப்புட்டீங்க!" என்று அழுதாள்.

மாமா இந்த முறை சிரிக்கவில்லை. "முள்ளுக்கும் அவனுக்கும் என்னாடி சம்பந்தம்?" என்று கேட்டார். "நான் தெல்தெனியவுல எறங்கிப் பாத்துட்டுத்தான் வாறேன். மாமியாக்காரி கண்ணு முன்னால அந்த முள்ளைக்கூடக் குடுக்க முடியல்ல. போய்க் கூட்டிட்டு வந்துருவோம்."

"வாயை மூடுங்க, புள்ள இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "கூட்டிட்டு வந்து? வாழாம வந்த ஒருத்தியை வீட்டுல வச்சிருந்தா நாளைக்கு இவளுக்கு யாரு வருவா?" என்றார்.

'இவள்' என்றது என்னை. பத்து வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேட்டீர்களா! வராத அந்த மாப்பிள்ளைக்காக என் சித்தி அங்கே இருக்க வேண்டியிருந்தது. இதைப் பிற்காலத்தில் அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறேன். அந்தக் காலம் அப்படி என்றார். காலத்தின் மேல் பழி போட்டால் அது திரும்பிப் பேசாது, நல்ல வசதி. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சித்தியை எதற்குக் கூட்டி வர வேண்டும், அதுதான் நான் குச்சி செய்து கொடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அடுத்த தடவை சித்தி வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கி நீலமாக இருந்தன. "ஊசி ஏறிடுச்சு" என்றாள். நான் அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊசி ஏறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நகத்தில் ஓட்டை இருக்கும். இதில் ஓட்டையே இல்லை. துணியை அமர்த்துகிற மெசின் கால் அவள் விரல்மேல் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் செய்த குச்சி எங்கே என்று கேட்டேன்.

"ஒடஞ்சிடுச்சுடா" என்றாள்.

நன்கு காய்ந்த மூங்கில். அதை உடைக்கிற அளவுக்கு என்னதான் தைத்தாள்? தடித்த காற்சட்டைத் துணியாக இருக்கும் என்று நினைத்து, இன்னும் தடிப்பாக ஒன்று செய்து கொடுத்தேன். அந்த முறை சித்தி கதை சொல்லவில்லை. முதலாளி மாதிரி மூக்கைத் தடவிக் காட்டச் சொல்லி நான் எவ்வளவோ கெஞ்சினேன். மறந்து போச்சு என்றாள். போகிற நாளில் அவள் குசினியில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு அப்பா அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

தீபாவளிக்குச் சித்தி தனியாக வந்தாள். சித்தப்பாவுக்குக் கடையில் வேலையாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க அம்மா எவ்வளவு கூப்பிட்டும், தானே குளித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். குளித்துவிட்டு அறைக்குள் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் சட்டைக்குப் பின்பக்கம் ஊக்கு. எட்டவில்லை. என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் முதுகைத் திருப்பினாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

முதுகின் நடுவில், இரண்டு தோள்பட்டைக்கும் இடையில், பெரிய சூடு. மணிக்கட்டில் மூக்கு மட்டும்தான் பதிந்திருந்தது. இங்கே அயன் பெட்டி முழுதாகப் பதிந்திருந்தது. அதன் ஓரத்தில் பழைய சூடுகளும் இருந்தன.

"அம்மா! சித்திக்கு முதுகுல சுட்டிருக்கு!" என்று கத்தினேன்.

அம்மா மாவுக் கையோடு வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது என்று இப்போது தெரிகிறது. இனியாவது சொல்லு, என்னை இங்கேயே இருக்கச் சொல்லு என்ற கேள்வி. அம்மாவின் வாய் திறந்தது. எனக்கோ, அயன் பண்ணும்போது முதுகில் எப்படிச் சுடும் என்ற யோசனை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது பட்டிருக்குமோ? குனிந்து எழும்பும்போதோ? பட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. நான் செய்த குச்சி கட்டை! அதனால்தான் அவள் பெட்டிக்கு அவ்வளவு கிட்ட நிற்க வேண்டியிருக்கிறது.

"குச்சி நீளம் பத்தலம்மா. இன்னும் நீளமாச் செஞ்சு குடுத்தா சித்திக்குச் சுடாது" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்க்காமல் அவள் பின்னால் போய் நின்று, சட்டையைச் சூட்டின் மேல் படாமல் மெதுவாக இழுத்து, ஒவ்வொரு ஊக்காகப் போட்டாள். மாவு சட்டையெல்லாம் ஒட்டியது. எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு, "ஆமா, நீளமாச் செஞ்சு குடு" என்றாள்.

ஒரு முழ நீளத்தில் செய்தேன். தீபாவளியன்று மற்றப் பிள்ளைகள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருக்க, நான் குசினிக்குப் பின்னால் உட்கார்ந்து மூங்கிலைச் சுரண்டினேன். சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்து முடித்ததும் கையில் வைத்து அளந்து பார்த்தாள், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வந்தது. "நல்லா இருக்குடா. இது போதும்" என்றாள்.

மறுநாள் கண்டி பஸ் நிலையத்தில் அப்பா அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பைக்குள் அடங்காமல் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக் குத்தாமல் சித்தி அதைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டது. இனி அவளுக்கு எதுவும் ஆகாது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி, துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினேன். அப்பாவும் ஆட்டினார். அம்மா மட்டும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் கையை ஆட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.